வ.உ.சி: கம்பெனியில் வியாபாரிகள், கடற்கரையில் சிவா

தூத்துக்குடி துறைமுகத்துக்கே வ.உ.சி. பெயர்தான். ஆனா அவர் கப்பலைத் தனியாளா ஓட்டலை.

1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குத் தலைவர் பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். 2 லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கியவர். வ.உ.சி. வெறும் உதவிச் செயலாளர். ஊர் ஊராகப் போய் 25 ரூபாய்ப் பங்குகளை விற்றதும், கப்பலுக்காக பம்பாய் வரை அலைந்ததும் அவர்தான்.

போட்டி வெள்ளைக்கார கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. முதல் போட்ட வியாபாரிகளுக்கு நஷ்ட பயம், அரசாங்க பயம். அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார் சுப்பிரமணிய சிவா. கணக்கு வழக்கெல்லாம் அவருக்கு ஆகாது; மேடை ஏறினால் நெருப்பு. வ.உ.சி. அவரை அடக்கவில்லை. சிவா பேசட்டும், ஏற்பாட்டை நான் பார்த்துக்கறேன் என்கிற மாதிரி ஒரு பங்கீடு. 1908 பிப்ரவரி கடைசியில் தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தத்தில் இது பலித்தது. தொழிலாளருக்குக் கூலி உயர்வு கிடைத்தது. கம்பெனி இயக்குநர்களுக்கோ கலக்கம் கூடியது. அவர்களைக் கையில் வைத்துக்கொள்ள வ.உ.சி.யால் முடியவில்லை என்றே தோன்றுகிறது.

மார்ச் 12-ல் இருவரும் கைது. வ.உ.சி.க்கு விதித்த 40 ஆண்டில் பாதி, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக! தண்டனை பிறகு குறைந்தது. அவர் இல்லாமல் கம்பெனி தடுமாறி 1911-ல் மூடப்பட்டது.

1912 டிசம்பரில் விடுதலையானபோது கண்ணூர் சிறை வாசலில் காத்திருந்தவர் சிவா, தொழுநோயோடு.