கடல் கடந்த தமிழ்த்துறை: மலாயாப் பல்கலைக்கழகத்தில் தனிநாயகம் அடிகளார் (1961–1969)

ஆய்வுச்சுருக்கம்

தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கையை எழுதுவோர் பெரும்பாலும் உலகத் தமிழ் மாநாடுகளையே முதன்மைப்படுத்துவர். அவர் 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையில் ஆற்றிய ஆசிரியப்பணி அதனால் பின்னிடம் பெறுகின்றது. அயல்நாட்டில் இளங்கலைக் கல்வியை நிலைநிறுத்தும் பொறுப்பே அவரது தமிழியல் நோக்கிற்கு நிறுவன வடிவம் தந்தது என்பதை அவரது வாழ்க்கை நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: தனிநாயகம் அடிகளார், மலாயாப் பல்கலைக்கழகம், இந்திய இயல் துறை, தமிழியல், இளங்கலைக் கல்வி, அயலகத் தமிழ்க்கல்வி.

1. முன்னுரை

அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற்குப் பணியாற்றச் செல்லும் பேராசிரியர்களுள் குறித்த காலத்திற்குப் பாடம் நடத்தித் திரும்புவோர் உண்டு. நூலகம், ஆய்வுநூல், துணைநூற் பட்டியல், அடுத்த தலைமுறை ஆசிரியர் என ஒரு துறை நிலைபெறுவதற்கு வேண்டியவற்றைத் தேடித் தர முனைவோரும் உண்டு. இரண்டாம் வகையினரைத் தமிழுலகம் முன்பே அறியும். இலங்கையிலிருந்து சென்ற விபுலாநந்த அடிகளார் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். எனினும் அண்ணாமலை தமிழ் வழங்கும் நிலம். தமிழ் சிறுபான்மையினரின் மொழியாக மட்டும் வழங்கிய நாடொன்றில், பிற துறைகளுக்கு நிகராகத் தமிழை ஒரு பல்கலைக்கழகப் பாடமாக நிறுத்துவது வேறு தன்மையது. தனிநாயகம் அடிகளார் மேற்கொண்டது அப்பணியே.

2. இளமையும் கல்வியும்

அடிகளார் 1913 ஆகஸ்ட் 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தின் கரம்பொன் ஊரில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கொழும்பு புனித பெர்நாடு குருமடத்திலும் பயின்றபின் உரோமை சென்று இறையியல் கற்று, 1938இல் குருத்துவம் பெற்றார். இலத்தீனும் ஐரோப்பிய மொழிகள் பலவும் அவருக்கு அங்கு வயப்பட்டன. தமிழை முறையாகக் கற்கும் வாய்ப்பு அதன் பின்னரே அமைந்தது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் புனித தெரேசா பள்ளியில் ஆசிரியப்பணி ஏற்ற காலத்தில், பண்டிதர் ஒருவரிடம் அவர் தமிழ் இலக்கிய இலக்கணம் பயிலத் தொடங்கினார். அப்போது அவர் முப்பது வயதை நெருங்கியிருந்தார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்விற்காக இலக்கிய முதுவர் பட்டமும் பெற்றார்.

இவ்வரிசைமுறை கருதத்தக்கது. உலகச் செம்மொழி ஒன்றையும் நவீன ஐரோப்பிய மொழிகளையும் அறிந்தபின் தமிழுக்கு வந்தவர் அவர். ஆகவே ஒப்பியல் நோக்கு அவரிடம் தொடக்கத்திலிருந்தே இயல்பாக அமைந்தது. வளர்ந்தபின் மாணவராக அமர்ந்து தமிழ் பயின்ற அனுபவமும் அவருக்கு இருந்தது. தமிழை முழுமையாகக் கற்கும் வாய்ப்பின்றிப் பல்கலைக்கழகத்திற்கு வந்த மலாயா மாணவரின் நிலை அவருக்கு அயலானதன்று.

3. மலாயாவிற்கு முன்

1949 முதல் அடிகளார் மலாயா, ஜப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளில் பயணம் செய்து தமிழ் பற்றிச் சொற்பொழிவாற்றினார். உலகப் பல்கலைக்கழகங்களில் இந்தியவியல் என்பது பெரும்பாலும் வடமொழிக் கல்வியாகவே அமைந்திருந்த காலம் அது. அந்நிலையை மாற்ற ஆங்கிலத்தில் தரமான ஆய்விதழ் ஒன்று தேவை என்னும் எண்ணத்தின் விளைவாக, 1952இல் தமிழ்க் கல்ச்சர் என்னும் காலாண்டிதழ் வெளிவரத் தொடங்கியது.

அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளரானார். பின்னர் இலண்டன் சென்று, பண்டைத் தமிழ் இலக்கியம் புலப்படுத்தும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். எனவே மலாயாவிற்குச் சென்றவர் தமிழ் இலக்கிய அறிஞர் மட்டுமல்லர். ஆசிரியர்க்குக் கல்வியியல் கற்பித்தவரும் ஆவார்.

4. இந்திய இயல் துறையின் பின்புலம்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் நிறுவப்பெற்றது. அதன்கண் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதன் முதன்மை மொழி எதுவென்னும் வினா எழுந்தது. வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் வடமொழியைப் பரிந்துரைத்தார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியருள் தமிழரே பெரும்பான்மையினர் ஆதலின், தமிழே பயிற்றப்பெற வேண்டும் எனத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். தமிழ் எங்கள் உயிர் என்னும் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பெற்றுத் துறையின் தமிழ் நூலகத்திற்கு வழங்கப்பெற்றது. தமிழ் துறையின் மொழியாயிற்று. பின்னர்த் துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது.

இவ்வகையில் அடிகளார் 1961இல் பொறுப்பேற்ற துறை, மக்கள் கோரிக்கையின் விளைவாகத் தமிழுக்கு இடமளித்த துறையாகும். அதனால் அவர்மீது இரு திசைகளிலிருந்து எதிர்பார்ப்பு எழுந்தது. தம் மொழி காக்கப்பெற வேண்டும் எனத் தமிழ்ச் சமூகம் எதிர்பார்த்தது. ஏனைய துறைகளுக்கு ஒப்பான ஆய்வுத் தகுதியைப் பல்கலைக்கழகம் எதிர்பார்த்தது. முன்னதை மட்டும் நிறைவேற்றின் துறை ஒரு சமூக அமைப்பாகச் சுருங்கும். பின்னதை மட்டும் நாடின் நிதியளித்த மக்களிடமிருந்து விலகும்.

5. இளங்கலைக் கல்வியும் தமிழியல் நோக்கும்

மலாயாவில் தமிழ்வழிக் கல்வி தொடக்கப்பள்ளியோடு நின்றது. இடைநிலைக் கல்வியை மாணவர் பிறமொழி வழியே பெற்றனர். ஆகவே தமிழகத்துத் தமிழ்த்துறைகளின் பாடமுறையை அவ்வாறே எடுத்துச் செல்வது அங்குப் பயன் தருவதன்று. மேலும் துறையின் பெயர் இந்திய இயல் என்பதாகும். மொழியும் இலக்கியமும் வரலாறு, பண்பாடு ஆகியவற்றோடு சேர்ந்து நிற்கும் அமைப்பு அது. வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினமும் 1960களில் அப்பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றினார்.

இச்சூழல் குறைபாடாகத் தோன்றினும், அடிகளாரின் நோக்கிற்கு அதுவே துணையாயிற்று. இலக்கியத்தையும் இலக்கணத்தையும் மட்டுமன்றி வரலாறு, மொழியியல், சமூகவியல், கலை, தொல்லியல் ஆகியவற்றையும் தழுவிய தமிழியல் என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். கோலாலம்பூரில் அது அன்றாட வகுப்பறைத் தேவையாகவும் இருந்தது.

மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் வேண்டிய கருவிநூல்களை உருவாக்குவதில் அவர் தனிக்கவனம் செலுத்தினார். பிறமொழிகளில் வெளிவந்த தமிழியல் நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் 1966இல் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அந்தாம் தெ புரொயென்சா தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பெற்ற தமிழ்–போர்த்துக்கீச அகராதியின் படியொன்றை அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் கண்டிருந்தார். அதன் நிழற்படப் பதிப்பும் 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளிவந்தது. பல நாடுகளில் நிகழும் தமிழாய்வினைத் தொகுத்துரைக்கும் நூல் 1968இல் வெளியாயிற்று. தமிழகத்திலிருந்து தொலைவில் தொடங்கும் துறைக்கு முதல் தேவை நூலறிவு வழிகாட்டி என்பதை இம்மூன்றும் உணர்த்துகின்றன.

6. துறையிலிருந்து உலக மாநாட்டிற்கு

1964 ஜனவரியில் புதுதில்லியில் நிகழ்ந்த கீழ்த்திசை ஆய்வாளர் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோற்றம் பெற்றது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவராகவும், அடிகளாரும் கமில் சுவெலபிலும் செயலாளர்களாகவும் பொறுப்பேற்றனர். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழ் பெரும்பான்மை மொழியாக இல்லாத நாட்டில் முதல் மாநாடு கூடியமைக்கு, அங்கு ஒரு பல்கலைக்கழகத் துறை இயங்கியமை முதன்மைக் காரணம் எனலாம். அறிஞரை அழைக்கவும், கட்டுரைகளைப் பெறவும், அவற்றைப் பதிப்பிக்கவும் நிறுவன அடிப்படை வேண்டும். மாநாட்டுக் கட்டுரைகள் பின்னர் இரு தொகுதிகளாக வெளிவந்தன.

இக்காலத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. தமிழ்க் கல்ச்சர் இதழ் 1966உடன் நின்றது. 1969இல் மன்றத்தின் சார்பில் புதிய ஆங்கில ஆய்விதழ் ஒன்று தொடங்கப்பெற்று அவ்விடத்தை நிரப்பிற்று. பின்னர்ச் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அதனை ஏற்று நடத்தியது. தனிமனித முயற்சியைச் சார்ந்த இதழ் நிலைப்பதன் அருமையையும் நிறுவனப் பின்புலத்தின் தேவையையும் இவ்விரு இதழ்களின் வரலாறு ஒருசேரக் காட்டுகின்றது.

7. விட்டுச்சென்றவை

அடிகளார் 1969இல் மலாயாவை விட்டு நீங்கினார். 1970இல் பாரிசிலும் 1974இல் யாழ்ப்பாணத்திலும் நிகழ்ந்த மாநாடுகளுக்குத் தொடர்ந்து உழைத்தார். யாழ்ப்பாண மாநாட்டின் இறுதியில் உயிரிழப்புகள் நேர்ந்த துயரத்தையும் கண்டார். 1980 செப்டம்பர் 1ஆம் நாள் இலங்கையில் மறைந்தார். அடுத்த மாநாடு 1981இல் மதுரையில் கூடியபோது அவர் இல்லை.

அயல்நாட்டிலிருந்து வந்த பேராசிரியரின் பணியை அவர் இருந்த காலத்தின் சிறப்பைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. அவர் நீங்கியபின் துறை இயங்கியதா என்பதே உரைகல். பண்டைத் தமிழரின் சமூக வாழ்வு பற்றிய ச. சிங்காரவேலுவின் ஆய்வுநூல் 1966இலேயே அத்துறையின் சார்பில் வெளிவந்தது. இராம சுப்பையா தொகுத்த மலேசியத் தமிழ் நூற்பட்டியல் 1969இல் வெளியாயிற்று. பின்னது குறிப்பிடத்தக்கது. அடிகளாரின் பட்டியல் உலகளாவிய தமிழியலைத் தொகுத்தது. இராம சுப்பையாவின் பட்டியல் அந்நாட்டுத் தமிழர் படைத்தவற்றைத் தொகுத்தது. துறை தன் நிலத்தை நோக்கித் திரும்பியமைக்கு இதுவே சான்று.

8. முடிவுரை

அடிகளாரின் பெரும்பாலான ஆய்வெழுத்து ஆங்கிலத்தில் அமைந்தது. அதனால் தமிழ்வழி மாணவர்க்கு அது எளிதில் எட்டவில்லை. தமிழ்ச் சமூகத்தின் எதிர்பார்ப்பிற்கும் பல்கலைக்கழகத்தின் எதிர்பார்ப்பிற்கும் இடையில் அவர் பின்னதன் பக்கமே சற்றுச் சாய்ந்தார் என்று கருத இடமுண்டு. ஆயினும் அச்சாய்வே பிறதுறை அறிஞரின் மதிப்பைத் துறைக்கு ஈட்டித் தந்தது.

இன்று அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் இருக்கைகள் அமைக்க நிதி திரட்டும் முயற்சிகள் பெருகியுள்ளன. மலாயாவில் நிதியும் மக்கள் எழுச்சியும் துறையில் தமிழுக்கு இடம் பெற்றுத் தந்தன. அவ்விடத்தை நிலைபெறச் செய்தவை மாணவர் நிலையறிந்த கல்வியும், கருவிநூல்களும், அந்நாட்டிலேயே உருவான ஆய்வாளரும் ஆகும். இருக்கை அமைத்தலோடு பணி முடிவதில்லை என்பதை அடிகளாரின் எட்டாண்டு மலாயா வாழ்க்கை தெளிவுறுத்துகின்றது.