லீ டி பாரஸ்ட்

லீ டி பாரஸ்ட் (ஆகஸ்டு 26, 1873 - ஜூன் 30, 1961) ஓர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆவார். ஆடியன் எனப்படும் மும்முனையக் குழலை உருவாக்கியவர். ஒலியைப் படச்சுருளிலேயே பதிவு செய்யும் போனோபிலிம் முறையை 1923 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். திரைப்படத்தில் படமும் ஒலியும் ஒத்து இயங்கச் செய்யும் முயற்சிகளின் வரலாற்றில் இவருக்கு முக்கிய இடம் உண்டு. எனினும் அவ்வெற்றியில் பிறருடைய பங்கும் பெரிதாகும்.

பிறப்பும் கல்வியும்

டி பாரஸ்ட் ஐயோவா மாநிலத்தின் கவுன்சில் பிளப்ஸ் நகரில் பிறந்தார். தந்தை கிறித்தவ மத போதகர். அவர் கறுப்பின மாணவர்களுக்கான டல்லடேகா கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்றதால் குடும்பம் அலபாமாவுக்குக் குடிபெயர்ந்தது. டி பாரஸ்ட் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று, மின்காந்த அலைகள் பற்றிய ஆய்வுக்காக 1899 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆடியன் குழல்

1906 ஆம் ஆண்டில், இரு மின்முனைகளைக் கொண்ட குழலுக்குள் மூன்றாவதாக ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். வலிமை குன்றிய மின்குறிப்பைப் பெருக்க இக்குழல் பயன்பட்டது. குழலுக்குள் எஞ்சியிருக்கும் வளிமமே இதன் இயக்கத்துக்குக் காரணம் என இவர் தவறாகக் கருதினார். உயர் வெற்றிடமே சிறந்தது என்பதைப் பிற ஆய்வாளர்கள் பின்னர் காட்டினர். தொலைதூரத் தொலைபேசி இணைப்புகளில் பயன்படுத்துவதற்காக ஏடி அண்டு டி நிறுவனம் 1913 இல் இதன் உரிமையை 50,000 டாலருக்கு வாங்கியது.

ஒத்திசைவுச் சிக்கல்

தொடக்ககாலப் பேசும்பட முயற்சிகளில் படம் ஒரு கருவியிலும் ஒலி வேறொரு கருவியிலும் ஓடின. எடிசனின் கினெட்டோபோன் (1913), பிரான்சில் கோமோனின் குரோனோபோன் ஆகியவை இவ்வகையின. இரு கருவிகளின் வேகம் சற்றே வேறுபட்டாலும் உதட்டசைவும் சொல்லும் பிசகின. படச்சுருள் அறுந்து, சில படச்சட்டங்களை வெட்டி ஒட்ட நேர்ந்தால், அவ்விடம் முதல் ஒலி பின்தங்கியது. போதிய அளவு ஒலியைப் பெருக்கவும் இக்கருவிகளால் இயலவில்லை.

படமும் ஒலியும் ஒரே சுருளில் இருந்தால் அவை தனித்தனியே பிசக இயலாது என்பதே போனோபிலிமின் அடிப்படை. ஒலியலைகள் மின்னலைகளாக மாற்றப்பட்டு, அவற்றுக்கேற்ப ஒளி கூடிக் குறையும் விளக்கால் சுருளின் ஓரத்தில் கருமை மாறுபடும் கோடுகளாகப் பதிவாயின. திரையிடும்போது ஒளியுணர் கலம் அக்கோடுகளை மீண்டும் மின்னலையாக்க, ஆடியன் குழல் அதனைப் பெருக்கியது.

இக்கருத்து இவருக்கு மட்டும் உரியதன்று. செருமனியில் டிரை-எர்கான் குழுவினர் இதே வகை ஒலிப்படத்தை 1922 இல் பெர்லினில் திரையிட்டிருந்தனர். போனோபிலிமில் தெளிவான ஒலி கிடைக்க உதவிய ஒளியுணர் கலமும் பதிவு விளக்கும் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் ஆய்வகம் நடத்திய தியோடர் கேஸ் உருவாக்கியவை.

திரையீடும் பிரிவும்

1923 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் போனோபிலிம் குறும்படங்கள் திரையிடப்பட்டன. ஆயினும் பெரிய படநிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. தம் பங்களிப்புக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை எனக் கருதிய கேஸ் 1925 இல் விலகினார். மறு ஆண்டில் அவருடைய முறையை பாக்சு நிறுவனம் ஏற்று மூவிடோன் எனப் பெயரிட்டது. அதே 1926 இல் டி பாரஸ்டின் நிறுவனம் நொடித்துப்போனது.

வார்னர் நிறுவனத்தின் வைட்டாபோன் முறை இசைத்தட்டையே நம்பியது. 1927 இல் வெளிவந்த த ஜாஸ் சிங்கர் இம்முறையில் அமைந்ததே. ஆனால் அரங்கு முழுவதும் அதன் ஒலியைக் கேட்கச் செய்த மிகைப்பிகள் மும்முனையக் குழலின் வழிவந்தவை. ஆகவே போட்டி முறையின் வெற்றிக்கும் டி பாரஸ்டின் குழல் அடிப்படையாயிற்று. சில ஆண்டுகளில் இசைத்தட்டு முறை கைவிடப்பட்டு, சுருளில் ஒலியைப் பதியும் முறையே நிலைத்தது.

படத்தொகுப்பில் விளைவு

திரையிடும் கருவியில் படம் ஒவ்வொரு சட்டமாக நின்று நின்று நகர்கிறது. ஒலித்தடமோ சீராக ஓட வேண்டும். எனவே ஒலியைப் படிக்கும் பகுதி தள்ளி அமைக்கப்பட்டது. 35 மிமீ சுருளில் ஒரு படத்துக்குரிய ஒலி, அப்படத்துக்குச் சுமார் 20 சட்டங்கள் முன்னதாகப் பதியப்படுகிறது. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும்போது இது ஏறத்தாழ முக்கால் நொடிக்குச் சற்று அதிகம். ஆதலால் ஒரே சுருளில் படத்தை வெட்டினால் வேறொரு கணத்தின் ஒலி வெட்டுப்படும்.

இதனைத் தவிர்க்கப் படமும் ஒலியும் ஒரே வேகத்தில் ஓடும் மின்னோடிகளின் உதவியால் தனித்தனிச் சுருள்களில் பதியப்பட்டன. கிளாப் பலகை மூடும் படமும் அதன் ஓசையும் ஒரே புள்ளியில் பொருத்தப்பட்டன. தொகுப்பு முடிந்த பின்னரே இரண்டும் ஒரே படியில் சேர்க்கப்பட்டன. பிரித்துப் பதிவு செய்து ஒரு புள்ளியில் பொருத்தும் இவ்வழக்கம் எண்ணிமத் தொகுப்பிலும் தொடர்கிறது.

இறுதிக்காலம்

டி பாரஸ்ட் 180 க்கும் மேற்பட்ட காப்புரிமங்களைப் பெற்றார். காப்புரிம வழக்குகளிலேயே இவருடைய பொருளும் காலமும் பெருமளவு கழிந்தன. பேசும்படத்துக்கு ஆற்றிய முன்னோடிப் பணிக்காக 1960 இல் இவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. மறு ஆண்டில் ஹாலிவுட்டில் காலமானார்.