பாலுசாமி தீட்சிதர்: மூன்றாண்டுச் சம்பளம் தந்த வயலின்



கருநாடக இசையரங்கு எதுவாயினும் பாடகரின் அருகே வயலின் கலைஞர் ஒருவர் அமர்ந்திருக்கக் காண்கின்றோம். தம்பூராவையும் மிருதங்கத்தையும் போல அதுவும் தொன்றுதொட்டு நம்முடையதே என்று எண்ணும் மாணவர் பலர். உண்மையில் அது கப்பலேறி வந்த வாத்தியம். அதனை நம் இசைக்கு உரியதாக்கிய முன்னோடி பாலுசாமி தீட்சிதர் ஆவார். அவர் அதனைக் கற்பதற்கான செலவை ஏற்றவர் தந்தையார் அல்லர். மணலியில் வாழ்ந்த ஒரு செல்வர். நம் மங்காஃப் பிள்ளைகள் பலர் பியானோவும் கீபோர்டும் வயலினும் பயில விரும்பும் இந்நாளில், அவ்வரலாற்றை இம்மலரில் எழுதுவது பொருத்தமென எண்ணினேன்.

பாலுசாமி தீட்சிதர் 1786ஆம் ஆண்டு திருவாரூரில் தோன்றினார். தந்தையார் இராமசாமி தீட்சிதர், அம்சத்வனி இராகத்தை ஆக்கியவர் எனப் போற்றப்படுபவர். தமையனார் முத்துசாமி தீட்சிதரோ சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவர். சின்னசாமி என்னும் மற்றொரு தமையனாரும் இசைவல்லவரே. வீட்டில் கல்விக்குக் குறைவில்லை. செல்வம் மட்டும் வித்துவான்கள் வீட்டில் எக்காலத்தும் இருக்கும் அளவிலேயே இருந்தது.

சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் பெருஞ்செல்வர் வாழ்ந்தார். ஆங்கிலக் கம்பெனியின் சென்னை ஆளுநர் பிகட்டிடம் துபாஷியாக இருந்தவர். இராம நாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயரை ஆதரித்த வள்ளலும் அவரே. அவர் குடும்பத்தின் ஆதரவில் இராமசாமி தீட்சிதர் தம் மக்களோடு மணலியில் குடியேறினார். முதலியாருக்குப் பின் அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியார் அவ்வாதரவைத் தொடர்ந்தார். சின்னையா முதலியார் என்றே அவரை ஊரார் அழைத்தனர்.

சின்னையா முதலியார் கோட்டைக்குச் செல்லும்போது தீட்சிதர் குடும்பத்தையும் அழைத்துச் செல்வதுண்டு. ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் முழங்கும். அதனைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அந்த மேல்நாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுசுரங்கள் எனப்படும். ஏறத்தாழ நாற்பது கிடைத்துள்ளன. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று. இளையவர் பாலுசாமியின் மனமோ வயலினில் சென்று ஒட்டிக்கொண்டது.

சின்னையா முதலியார் அதனைக் கவனித்தார். நன்று என்று தலையசைத்துவிட்டு அவர் போயிருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. ஐரோப்பிய இசைவாணர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தினார். மூன்று ஆண்டுகள் பாடம் நடந்தது. விழாநாளில் பொன்னாடை போர்த்துவது எளிது. நானும் பல மேடைகளில் அதற்காகக் கைதட்டியவனே. மாதந்தோறும் ஆசிரியர் சம்பளத்தை மூன்றாண்டுகள் தவறாது அளப்பது வேறு வகை உதவி.

இவ்விடத்து என் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் ஊரில் ஆசிரியராக இருந்தபோது என் வகுப்பில் வயலின் பயின்ற மாணவன் ஒருவன் இருந்தான். தகப்பனார் கூலித் தொழிலாளி. கட்டணம் கட்ட இயலாமல் வகுப்பை நிறுத்தினார். பையன் என்னிடம் வந்து நின்றான். கணக்கில் கவனம் செலுத்து என்று புத்தி சொல்லி அனுப்பினேன். அப்போது என்னிடம் பணம் இல்லாமலில்லை. போரினால் ஊரைவிட்டு வந்த பின் எத்தனையோ இழப்புகளை எண்ணி ஆறியிருக்கின்றேன். அந்தப் பையன் திரும்பிச் சென்ற காட்சி மட்டும் ஆறவில்லை. இங்கும் தகப்பனாருக்கு வேலை போனதும் முதலில் நிற்பது பிள்ளையின் இசை வகுப்புத்தான்.

மேல்நாட்டு முறையைப் பிழையறக் கற்ற பாலுசாமி தீட்சிதர் அத்தோடு நின்றாரில்லை. அவ்வாத்தியத்தில் வீணைக்குரிய மெட்டுக்கட்டைகள் இல்லை. விரல் தந்தியின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்லும். நம் கமகங்களுக்கு அது எத்துணை ஏற்றது என்பதை அவர் உணர்ந்து, கருநாடக இசையை அதில் வாசித்துக் காட்டினார். நம்மவர் கையில் தந்திகளின் சுருதி ச, ப, ச, ப என அமைந்தது. நின்று தோளில் தாங்கி வாசிக்கும் வழக்கமும் மாறியது. தரையில் அமர்ந்து, வாத்தியத்தின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பதால் இடக்கை தாங்கும் வேலையினின்று விடுபட்டு முழுமையாக இசைக்கே உரியதாகின்றது. இம்மாற்றங்கள் அனைத்தையும் அவர் ஒருவரே செய்தார் என்பதற்கில்லை. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவையும், தஞ்சை அரசவையைச் சார்ந்த வராகப்பையரையும் அறிஞர்கள் உடன்வைத்துப் போற்றுவர். வயலின் பிள்ளைகளே, இருவர் பெயரையும் நினைவிற் கொள்ளுங்கள்.

வீணை, சுரபத், சிதார், மிருதங்கம் ஆகியவற்றிலும் வல்லவரான தீட்சிதர் பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். தமையனார் முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் மறைந்ததும் அவ்வெட்டயபுரத்திலேயே.

பாலுசாமி தீட்சிதர் தம் மகள் வயிற்றுப் பேரனான சுப்பராமனை மகனாகத் தத்தெடுத்து, வித்தையையும் ஊட்டினார். 1839இல் பிறந்த அப்பிள்ளையே சுப்பராம தீட்சிதர். இவருக்கும் சின்னசாமி முதலியார் என்னும் சென்னை அன்பர் ஒருவர் வாய்த்தார். நம் கீர்த்தனைகளை மேல்நாட்டுச் சுரக்குறிப்பில் அச்சிடுவதில் தம் கைப்பொருளைச் செலவிட்டு நொடிந்தவர் அவர். குடும்பச் சொத்தாகக் காத்த உருப்படிகளை வெளியிடுமாறு சுப்பராம தீட்சிதரைத் தூண்டியவர்களுள் முதன்மையானவரும் அவரே. எட்டயபுரம் அரண்மனையின் பொருளுதவியால் 1904ஆம் ஆண்டு சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சேறியது. சுப்பராம தீட்சிதர் அதில் இசைவாணர் பலரது வரலாற்றையும் எழுதிச் சேர்த்தார். மணலியில் நடந்த அந்த மூன்றாண்டு வயலின் பாடத்தை நாம் அறிவது அவர் எழுதி வைத்தமையால்தான்.