எண்ணெய்க் கடைப் பாக்கி



மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் வந்து நின்றபோது விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி எழுதுகிறேன் என்றுதான் சொன்னேன். டிப்ளமோ படிக்கிறவன் வேறு யாரைப் பற்றி எழுதுவான்? ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனதில் மனசு மாறிவிட்டது. ஆரணியிலிருந்து புதுவாயல் வந்து, பஸ் மாறி, எட்டு மணிக்குள் கேட்டில் நிற்கவேண்டும். எனக்கு முன்னாடியே அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். சொந்தமாக ரெண்டு லேத் வைத்து அந்தக் கம்பெனிக்குப் புஷ் கடைந்து கொடுக்கிறவர். பில் கொடுத்து அஞ்சு மாசம். சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, பெரியவர் கேட்டில் இருக்கிறார். உள்ளே போனால், கான்டிராக்ட் ஆட்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்கள். மேனேஜ்மென்ட் பாடத்தில் நாம் படித்த சப்ளை செயின் படத்தில் அம்புக்குறிகள் மட்டும்தான் இருந்தன, ஆள் யாரும் இல்லை.

அந்த நாட்களில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையைத் திரும்பப் படித்தேன். கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் என்று ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். அவர் ஒரு கம்பெனி நடத்தியவர் என்ற கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் வக்கீல் ஆனார். ஏழைகள் பக்கம் நின்று போலீஸ்காரர்களுக்கு எதிராகவே வழக்காடியதில் அப்பாவுக்கு வருத்தம். 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் போகிற சரக்கும் ஆளும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலில்தான் போயாகவேண்டும். அவர்கள் வைத்ததுதான் கட்டணம்.

1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது ரெண்டு லட்ச ரூபாய்க்கு வாங்கினார். ஆனாலும் பங்கின் விலையை 25 ரூபாய் என்று வைத்ததுதான் என் கண்ணில் பட்டது. பணக்காரர் மட்டும் போதும் என்றால் 500, 1000 என்று வைத்திருக்கலாமே!

ஆரம்பத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. ஷா லைன் என்ற கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். நாம் சொல்கிற ‘சிங்கிள் சோர்ஸ்’ சங்கடம் அப்போதே வந்துவிட்டது. வெள்ளைக்காரக் கம்பெனி ஷா லைனை நெருக்கியது. அவர்கள் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கியவனும், மூட்டை கட்டி வைத்த வியாபாரியும் கரையில் நிற்கிறார்கள். வ.உ.சி. கையை விரிக்கவில்லை. கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார். கப்பலோடுதான் ஊர் திரும்புவேன் என்று சபதம் செய்து பம்பாய்க்குப் போனார். காலியா என்ற கப்பல் 1907-ல் தூத்துக்குடி வந்தது. 1,300 பேரும் 4,000 மூட்டையும் ஏற்றக்கூடிய கப்பல் என்பார்கள். பிறகு பிரான்சிலிருந்து லாவோ வந்தது.

அடுத்து கட்டணப் போர். வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாயாகக் குறைத்தது. இவர்கள் எட்டணா என்றார்கள். அவர்கள் ஓசிப் பயணம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றார்களாம். சந்தையில் ஆதிக்கம் உள்ள கம்பெனி எதிராளியை ஒழிப்பதற்காக அடக்க விலைக்கும் கீழே விற்பது இன்றைக்குப் போட்டிச் சட்டப்படி கூடாது. அன்றைக்கு அது வெறும் வியாபாரத் தந்திரம்.

இந்த நஷ்டத்துக்கு நடுவில்தான், 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி கட்டவில்லை, வாரத்தில் ஒருநாள்கூட லீவு இல்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். அடுப்பு எரியாத வீடுகளுக்கு ஊரில் பணம் திரட்டினார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடைத்தது.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது ஒரு நண்பன் குறுக்கே பாய்ந்தான். அந்த மில்லை நடத்திய ஹார்வி கம்பெனிதானே பிரிட்டிஷ் இந்தியா கப்பலுக்கு ஏஜென்ட், போட்டிக்காரன் மில்லில் ஸ்டிரைக் நடந்தா இவருக்கு லாபம்தானே என்றான். கெட்டிக்காரக் கேள்விதான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. வியாபாரி மட்டுமாக இருந்தவர் கலெக்டரைப் பகைத்துக்கொள்வாரா? கப்பலுக்கு அனுமதி, துறைமுகம், சோதனை எல்லாம் சர்க்கார் கையில். அவருடைய அரசியல் கம்பெனியைக் கெடுத்துவிடும் என்று பங்குதாரர்களிலேயே பலர் பயந்தார்கள். அவர்கள் பயந்தபடியேதான் நடந்தது. அந்தப் பங்குதாரர்களுக்கு அவர் நியாயம் செய்தாரா என்றால், எனக்கு இன்னும் பதில் பிடிபடவில்லை. அவர்களும் 25 ரூபாயை வியர்வை சிந்திச் சம்பாதித்தவர்கள்தானே.

மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் பலி. ஜூலை 7-ல் இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் குறைந்தாலும் கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகள், செக்கு எல்லாம் நமக்குத் தெரியும். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பலை எந்தக் கம்பெனிக்கு எதிராக வாங்கினாரோ, அந்தக் கம்பெனியிடமே விற்றுவிட்டார்கள். எனக்குச் செக்கைவிட இதுதான் பெரிய சித்திரவதையாகப் படுகிறது.

1912 டிசம்பர் 24-ல் விடுதலை. வரவேற்கக் கூட்டம் இல்லை. வக்கீல் சன்னத்தும் போய்விட்டது. சென்னையில் அரிசி, நெய் வியாபாரம் செய்துபார்த்தார், ஓடவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டி காந்தியிடம் கொடுத்த பணத்தைக் கேட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதவேண்டியிருந்தது. 347 ரூபாய் சொச்சம் 1916-ல்தான் கைக்கு வந்தது. பணம் வரவேண்டிய இடத்தில் காத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னத்து திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். கோவில்பட்டியில் தொழில் பார்த்து, மறுபடி தூத்துக்குடிக்கே வந்து, 1936 நவம்பர் 18-ல் கண்ணை மூடினார்.

சாவதற்கு முன் ஒரு உயில் எழுதிவைத்தார். பத்து லட்சம் மூலதனத்தில் கம்பெனி தொடங்கியவருடைய உயில். அதில் எண்ணெய்க் கடைக்கு எவ்வளவு பாக்கி, துணிக் கடைக்கு எவ்வளவு, சில்லறைக் கடன் எவ்வளவு என்று குறித்து, அதையெல்லாம் தீர்த்துவிடச் சொல்லியிருக்கிறார்.

டிரெயினிங் முடிந்த கடைசி நாள் சாயங்காலம் நான் வெளியே வந்தபோது, அந்தப் பெரியவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க தம்பி என்றார்.