அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள்

துறவி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, வாடிய முகமும் உலகை வெறுத்த நெஞ்சமும் உடைய ஒருவரது வடிவமே நம்மிற் பலர்க்குத் தோன்றுகின்றது. ஆண்டவரைப் பின்பற்றப் புகுவோர் முதற்கண் சிரிப்பைத் துறத்தல் வேண்டும் என்று எண்ணுவாரும் நம்மிடையே உளர். அவ்வெண்ணத்தைத் தம் வாழ்க்கையாலேயே மறுத்தவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள். அவர்தம் சரித்திரம் முழுவதையும் ஈண்டு விரித்தல் இயலாது. அவரது நகையையும், இயற்கையோடு அவர் கொண்ட உறவையும் பற்றிச் சில கூறவே புகுகின்றோம்.

இத்தாலியாவின் நடுவண் உள்ள உம்பிரியா என்னும் மலைநாட்டில், அசிசி நகரில், 1181 அல்லது 1182-ஆம் ஆண்டில் பியேத்ரோ பெர்னர்தோனே என்னும் துணி வணிகர்க்கு மகனாக அடிகள் பிறந்தார். பாட்டும் விருந்தும் தோழருமாய் அவரது இளமை கழிந்தது. 1202-இல் அசிசிக்கும் அண்டை நகராகிய பெரூஜியாவுக்கும் நிகழ்ந்த போரிற் சிறைப்பட்டு, ஓராண்டளவு பகைவர் நகரிற் கிடந்தார். ஆண்டும் அவர் களிப்புக் குன்றாமை கண்டு, உடனிருந்தோர் அவர்க்குப் பித்தேறியதோ என ஐயுற்றனராம்.

விடுதலை பெற்றபின் நெடுநாள் நோயுற்றார். ஒருவாறு தேறிக் கோலூன்றி வெளியே வந்து, தாம் பண்டு கண்டு மகிழ்ந்த வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் நோக்கினார். அவற்றின் எழில் அவர் நெஞ்சைச் சிறிதும் தொடவில்லை. இச்சிறு நிகழ்ச்சியை நாம் விரைந்து கடத்தலாகாது. இயற்கையின் பேரன்பர் என உலகம் போற்றும் இவர்க்கே, கையிற் பொருளும் இளமையும் நிரம்பியிருந்த காலத்து, இயற்கை வெறுமையாய்த் தோன்றிற்று. அவ்வின்பம் அவர்க்கு மீண்டது எப்பொழுது? தாம் அருவருத்து ஒதுங்கிய குஷ்டரோகி ஒருவரை வழியிற் கண்டு, குதிரையினின்று இறங்கி, அவர் கையை முத்தமிட்டாரன்றோ, அதன் பின்னரே.

பாழடைந்த புனித தமியானோ ஆலயத்தைப் பழுதுபார்த்தற்பொருட்டுத் தந்தையாரின் துணிகளை விற்றமையால் வழக்கு எழுந்தது. 1206-இல் அசிசி நகரத்து மேற்றிராணியார் முன்னிலையில், உடுத்த ஆடையையும் களைந்து தந்தையாரிடமே கொடுத்து விட்டார். சரித்திரம் எழுதுவோர் அத்தந்தையைக் கடிந்தே எழுதுவர். கூட்டத்தின் நடுவே மகனை இழந்து, மடித்த துணிகளோடு வீடு திரும்பிய அம்முதியோர்க்காக நாம் இரங்காதிருத்தல் இயலவில்லை.

அதன்பின் ஒருநாள், பனி மூடிய காட்டு வழியே பாடிச் சென்ற அடிகளைக் கள்வர் மறித்தனர். நீ யார் என்று வினவ, மாமன்னர் ஒருவரின் கட்டியக்காரன் யான் என்றார். அவர்கள் வெகுண்டு, அவரை நையப்புடைத்துப் பனிக் குழியில் எறிந்தனர். கள்வர் அகன்றதும் அடிகள் குழியினின்று ஏறி, பனியை உதறி, நகைத்து, விட்ட இடத்தினின்றே பாட்டைத் தொடர்ந்தார்.

தோழர் சிலர் சேர்ந்தனர். 1209-இல் மூன்றாம் இன்னொசென்டு பாப்பரசர் அவர்தம் வாழ்க்கை முறைக்கு இசைவு அளித்தார். அடிகள் தம் தோழரை ஆண்டவரின் கூத்தர் என்றே அழைத்தார். முகம் வாடியிருந்த தோழர் ஒருவரைக் கடிந்து, துயரத்தை ஆண்டவரிடம் தனியே கூறுக, பிறர்முன் காட்டற்க என்றார். (தேர்வு நாட்களில் நம் விடுதியில் இக்கட்டளை செல்லுமோ அறியோம்.) சிற்சில வேளைகளில் தரையிற் கிடந்த கோலொன்றை எடுத்துப் பிடில்போல் ஏந்தி, நூல் கட்டி வளைத்த மற்றொரு கோலை வில்லாகக் கொண்டு இழுத்து, பிரெஞ்சு மொழியிற் பாடி ஆடுவார். அவ்வாட்டம் பெரும்பாலும் கண்ணீரில் முடியும்.

வழியிற் புழுவைக் கண்டால் மிதியுண்ணாவண்ணம் எடுத்து ஓரத்தில் விடுவார். விறகு வெட்டுவோரிடம், மீண்டும் தளிர்க்குமாறு அடிமரத்தை விட்டுவைக்கச் சொல்வார். தோட்டம் முழுவதும் காய்கறி பயிரிடாது, பூச்செடிகட்கும் ஒருபால் விடுமாறு பணிப்பார். மாரிக்காலத்தே தேனீக்கட்குத் தேன் வைப்பிப்பார். பெவாஞ்ஞா ஊரின் அருகே பறவைகட்குப் பிரசங்கம் செய்ததை ஓவியர் பலர் தீட்டியுள்ளனர். அப்படத்தோடு நின்றுவிடுவோர் இச்சிறு செயல்களை அறியார். நெருப்பைச் சகோதரன் என்றும் நீரைச் சகோதரி என்றும் அவர் அழைத்தார். உவப்பினால் அஃறிணையை உயர்திணையாகக் கூறுதல் வழுவன்று என நன்னூலார் அமைதி கூறுவர். பசுவைத் தாயென அழைப்பதை உரைகாரர் காட்டுவர். இலக்கணம் கற்ற நாம் விதியளவில் அறிந்திருந்ததை அடிகள் வாழ்நாள் முழுதும் வழங்கினார்.

ஆயினும் தம் உடலுக்கு மட்டும் அவர் இவ்வன்பைக் காட்டவில்லை. அதனைக் கழுதைச் சகோதரன் என்று அழைத்துப் பட்டினியாலும் குளிராலும் வாட்டினார். இதனை நாம் புகழ மாட்டோம். அவரும் தம் இறுதி நாட்களில் அவ்வுடலிடம் மன்னிப்பு வேண்டினார்.

1225-இல், ஒளியைத் தாங்கலாற்றாத கண்களோடு, தமியானோ ஆலயத்தருகே இருட்குடிலொன்றிற் கிடந்தார். எலிகள் மேலேறி ஓடி உறக்கத்தைக் கெடுத்தன. ஞாயிற்றையும் திங்களையும் காற்றையும் நீரையும் உடன்பிறந்தாராக்கி ஆண்டவரைப் போற்றும் பாட்டு ஆண்டுத்தான் பிறந்தது. அதனை இலத்தீனிற் பாடாது உம்பிரியா மக்களின் வழக்கு மொழியிலே பாடினார். இத்தாலிய இலக்கியத்தின் மிகப் பழைய செய்யுட்களுள் அது ஒன்று. கண்ணோய் தீர்க்க மருத்துவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கன்னத்தினின்று புருவம்வரை இழுத்தனர். உடனிருந்த தோழர் காணப் பொறாது ஓடினர். அடிகளோ, நெருப்புச் சகோதரனிடம் தம்பால் மென்மை காட்டுமாறு வேண்டிவிட்டு அமைதியாய் இருந்தார்.

மரணம் அணுகிய காலத்து, அப்பாட்டை அடிக்கடி பாடுமாறு தோழரைப் பணித்தார். சாகக் கிடக்கும் மகான் இங்ஙனம் பாட்டில் மகிழ்தல் தகுமோ, ஊரார் யாது நினைப்பர் என்று சகோதரர் எலியா அஞ்சினார். அடிகள் பாட்டை நிறுத்தவில்லை. உரோமாபுரியிலிருந்த யாக்கோபா என்னும் சீமாட்டி முன்பு செய்தளித்த வாதுமைப் பண்டத்தை மீண்டும் உண்ண விரும்பினார். அவ்வம்மையாரும் அதனைக் கொண்டுவந்தார். சிறிதே சுவைக்க முடிந்தது.

1226-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் மாலையில் அடிகள் உயிர் நீத்தார். வானம்பாடிகள் ஒளியை விரும்புவன. அந்திக் கருக்கலிற் பறத்தல் அவற்றின் இயல்பன்று. அவ்வந்தியில் அவை அக்குடிலின் கூரைமேல் வட்டமிட்டு நெடுநேரம் பாடின என்று உடனிருந்தோர் கூறிச் சென்றனர்.