மணலில் இருந்து எண்ணெயைக் கழுவி எடுத்தவர்: யார் இந்த கார்ல் கிளார்க்?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அதபாஸ்கா ஆற்றங்கரையில் ஒரு கறுப்பு மண் இருக்கிறது. கோடையில் கையில் எடுத்தால் பிசுபிசுன்னு ஒட்டும். குளிர்காலத்தில் பாறை மாதிரி இறுகிவிடும். மணலோடு தார் கலந்த மண் இது. உலகின் மிகப்பெரிய எண்ணெய் இருப்புகளில் ஒன்றும் இதுதான். எடுக்கக்கூடியது மட்டுமே சுமார் 16,000 கோடி பீப்பாய்.

ஆனா ஒரு சிக்கல். கிணறு போட்டால் இந்த எண்ணெய் பீறிட்டு வராது. அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்கள் இந்தத் தாரை மரப்பிசினோடு கலந்து படகு ஓட்டைகளை அடைத்தார்கள். அதைத் தாண்டி இதை என்ன செய்வது என்று 1900-களின் தொடக்கம் வரை யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபட வைத்தவர் கார்ல் கிளார்க்.

ரோடு போட வந்தவர்

1888-இல் ஒன்டாரியோவில் பிறந்தவர். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, கனடா அரசில் சாலைப் பொருட்களை ஆய்வு செய்யும் வேலையில் சேர்ந்தார். அப்போது மேற்குச் சமவெளியில் பெரும்பாலும் களிமண் ரோடுதான். ஒரு மழை பெய்தால் போதும், வண்டி சேற்றில் சிக்கிக்கொள்ளும். இந்தத் தாரைக் கலந்தால் களிமண்ணுக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கலாமே என்பதுதான் அவருடைய முதல் யோசனை. ஆக, பெட்ரோல் அவர் கணக்கிலேயே இல்லை!

1920-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. மூன்று வருடத்தில், சிட்னி பிளேர் என்ற உதவியாளருடன் சேர்ந்து, பல்கலைக்கழக மின்நிலையத்தின் அடித்தளத்தில் ஒரு சின்ன ஆலையையே கட்டிவிட்டார். வீட்டு வாஷிங் மெஷினில்தான் முதலில் செய்து பார்த்தார் என்று ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, வேலை என்னவோ சலவை வேலைதான்.

கறுப்பு மணலை வெந்நீரில் கொட்டுவார். கொஞ்சம் காஸ்டிக் சோடா சேர்த்துக் கலக்குவார். மணல் துகளை விட்டு தார் பிரியும், காற்றுக் குமிழியோடு ஒட்டி நுரையாக மேலே வரும். சுத்தமான மணல் அடியில் தங்கும். நுரையை வழித்து எடுத்தால் வேலை முடிந்தது. வெந்நீர் யோசனை அவருக்கு முன்பே சிலருக்கு வந்ததுதான். எந்தச் சூட்டில், எவ்வளவு காரம் சேர்த்தால் ஒழுங்காகப் பிரியும் என்று பொறுமையாகக் கண்டுபிடித்தது கிளார்க். 1929-இல் காப்புரிமை வாங்கினார்.

40 வருடக் காத்திருப்பு

அதற்குப் பிறகுதான் சோதனை. ஆற்றங்கரையில் தனியார் கட்டிய ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பிட்டுமவுன்ட் ஆலையை நடத்தியவர் கடனில் மூழ்கினார். அபாசாண்ட் ஆலை 1941-இல் ஒரு தடவை எரிந்தது, திரும்பக் கட்டி 1945-இல் மறுபடியும் எரிந்தது. 1947-இல் எட்மன்டன் பக்கத்தில் லெடுக் என்ற இடத்தில் சாதாரண கிணற்றிலேயே எண்ணெய் கொட்ட ஆரம்பித்தது. அப்புறம் மணலை யார் கழுவப் போகிறார்கள்? அரசு மட்டும் விடாமல் பிட்டுமவுன்ட்டில் ஆலை கட்டி, 1949-இல் கிளார்க்கின் முறை பெரிய அளவிலும் ஓடும் என்று காட்டியது. அடுத்த வருடமே பழைய உதவியாளர் பிளேர், இது லாபத்தில் நடக்கும் என்று அறிக்கை கொடுத்தார்.

1960-களில் 'கிரேட் கனடியன் ஆயில் சாண்ட்ஸ்' (இன்றைய சன்கோர்) களமிறங்கியது. கட்டுமானம் நடந்தபோது கிளார்க் அங்கே போனார். இளமையில் அவர் படகில் சுற்றிய காடு அது. மரங்கள் வெட்டப்பட்டு, நிலம் உரிக்கப்பட்டுக் கிடந்ததைப் பார்த்து மனம் உடைந்துபோனார், திரும்ப அங்கே போக விரும்பவில்லை என்று அவர் மகள் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். 1966 டிசம்பரில் கிளார்க் இறந்தார். 1967 செப்டம்பரில் ஆலை திறக்கப்பட்டது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

அவர் பார்த்தது வெட்டிய மரங்களை மட்டும்தான். பெரிய பிரச்சினை பின்னால் வந்தது. ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் 2 டன் மணலைக் கழுவணும். கழுவிய தண்ணீரில் மணல் சீக்கிரம் படிந்துவிடும், களிமண் படியாது. நம்ம ஊரில் கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்க பானையில் தேத்தாங்கொட்டை உரசுவார்களே, அதே கலங்கல்தான். அங்கே ஜிப்சம், பாலிமர் என்று போட்டுப் பார்க்கிறார்கள். சும்மா விட்டால் தயிர் மாதிரி பதத்தில் பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். மீனைக் கொல்லும் நாப்தெனிக் அமிலங்களும் அதில் உண்டு. இப்படித் தேங்கிய கழிவு இன்று 1 லட்சம் கோடி லிட்டருக்கும் மேல்.

2008 ஏப்ரலில் வலசை வந்த வாத்துகள், இயற்கை ஏரிகள் உறைந்திருந்ததால், உறையாத சின்க்ரூட் கழிவுக் குளத்தில் இறங்கின. சுமார் 1,600 செத்தன. பறவைகளை விரட்டும் வெடிச்சத்தக் கருவிகள் அப்போது தயாராக வைக்கப்படவில்லை. நிறுவனத்துக்கு 30 லட்சம் டாலர் அபராதம்.

ஆழத்தில் இருக்கும் தாருக்கு ரோஜர் பட்லர் கண்டுபிடித்த நீராவி முறை இருக்கிறது. கீழே நீராவி செலுத்தி, இளகிய தாரை மேலே இழுப்பது. பெரிய குழி வேண்டாம், கழிவுக் குளம் வேண்டாம். ஆனா நீராவிக்கு இயற்கை எரிவாயுவை எரிக்கணும், கார்பன் எகிறும். தோண்டி எடுக்கும் சுரங்கங்களில் இன்றும் ஓடுவது கிளார்க்கின் வெந்நீர்தான்.

அப்படி ஒரு சுரங்கம் இம்பீரியல் ஆயிலின் கேர்ள். அங்கே கழிவுக் குளப் பகுதியிலிருந்து நீர் கசிவது 2022 மே மாதமே தெரிந்தது. 2023 தொடக்கத்தில் இன்னொரு தேக்கத்திலிருந்து 53 லட்சம் லிட்டர் வழிந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீனும் வேட்டையும் நம்பி வாழும் பூர்வகுடி மக்கள், கசிவு எவ்வளவு தீவிரம் என்பது 2023 பிப்ரவரி வரை தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்கிறார்கள். நடுவில் ஒன்பது மாதம்.