சவேரியார் திருத்திய ஒரு சொல்



பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைக் கோவிலுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். குருவானவர் அதன் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கிறார். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் பதில் சொல்கிறார்கள். குழந்தையோ தூங்குகிறது, அல்லது அழுகிறது. இது சரிதானா? எண்ணிப் பார்க்கும் வயது வந்தபின் அது தன் மதத்தைத் தானே தேர்ந்து கொள்ளட்டும் என்று விட்டுவிடக் கூடாதா? இக்கேள்வியைப் பலர் கேட்கின்றனர். பத்தாம் வகுப்பு வந்துவிட்ட நம்மிடையேயும் இது எழுவதுண்டு. நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தம் கையாலேயே ஞானஸ்நானம் கொடுத்த ஒருவரின் வாழ்க்கை இதற்கு விடை தேட உதவும். அவரே புனித பிரான்சிஸ் சவேரியார்.

இளமை

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் உள்ள நவார் அக்காலத்தில் தனி அரசாக இருந்தது. அங்குள்ள சவேரியார் கோட்டையில் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பிரான்சிஸ் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. அவர் பேசிய தாய்மொழி பாஸ்கு. அவரும் நம்மைப் போலவே கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர்தாம். அவரைக் கேட்டு யாரும் கொடுக்கவில்லை.

செல்வக் குடும்பத்தில் பிறந்தாலும் துன்பம் சிறு வயதிலேயே வந்தது. 1512-இல் நவார் நாடு தோற்றது. 1515-இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு பகைவர் ஆணைப்படி கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. தாயின் அரவணைப்பில் வளர்ந்த பிரான்சிஸ், 1525-இல் மேற்படிப்புக்காகப் பாரிஸ் சென்றார். படிப்பிலும் விளையாட்டிலும் சிறந்தார். பெயரும் புகழும் பெற்றுக் குடும்பத்தை உயர்த்த வேண்டும் என்பதே அப்போது அவர் எண்ணம். ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்தாம். ஆயினும் கிறிஸ்துவுக்காக எதையும் விட்டுவிட அவர் மனம் இசையவில்லை.

1529-இல் அதே விடுதிக்கு இஞ்ஞாசியார் என்ற மாணவர் வந்தார். போரில் காலில் குண்டடி பட்டு, மனம் மாறி, நடுவயதில் படிக்க வந்தவர் அவர். உலகம் முழுவதையும் பெற்றாலும் ஆன்மாவை இழந்தால் பயன் என்ன என்ற கேள்வியை அவர் பிரான்சிஸ் முன் மீண்டும் மீண்டும் வைத்தார். பிரான்சிஸ் உடனே இணங்கிவிடவில்லை. அவர் மனம் இசைய ஆண்டுகள் ஆயின. 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், மாதாவின் திருநாளன்று, இஞ்ஞாசியாரும் பிரான்சிசும் இன்னும் ஐவரும் பாரிசின் மோன்மார்த்ர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தனர். அப்போது பிரான்சிசுக்கு வயது 28. குழந்தையாக இருந்தபோது பிறர் தந்த விசுவாசத்தை அவர் தம் சொந்த விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டது அந்நாளில்தான் என்று சொன்னால் தவறாகாது. 1537-இல் அவர் குருவானார். 1540-இல் இயேசு சபை திருத்தந்தையின் அங்கீகாரம் பெற்றது.

முத்துக்குளித்துறையில்

கல்வராயன் மலையையும் கோமுகி ஆற்றையும் பார்த்து வளரும் நமக்குத் தூத்துக்குடிக் கடற்கரை தூரந்தான். ஆயினும் நம் கேள்வியின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அங்கு முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த பரதவர், முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய சண்டையில் பெரும் இடர்ப்பட்டனர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய அவர்களில் ஆயிரக்கணக்கானோர் 1535-க்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றனர். கொடுத்த குருக்கள் திரும்பிச் சென்றுவிட்டனர். கற்பிக்க ஒருவரும் தங்கவில்லை. இதனால் என்ன ஆயிற்று? மக்களிடம் கிறிஸ்தவப் பெயர் இருந்தது. மந்திரம் தெரியாது, மறையும் தெரியாது.

சவேரியார் 1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், தமது 35-ஆவது பிறந்த நாளன்று, லிஸ்பனில் கப்பலேறினார். பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1542 மே 6-இல் கோவா வந்தடைந்தார். அங்கே தென்கடற்கரை மக்களின் நிலையைக் கேள்வியுற்றார். அவ்வாண்டின் இறுதிக்குள், தமிழ் அறிந்த மூன்று இளைஞர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நம் கடற்கரைக்கு வந்துவிட்டார். ஊர்தோறும் சென்று, ஞானஸ்நானம் பெறாதிருந்த குழந்தைகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்தார். கை ஓய்ந்து போகும் அளவுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ஆனால் தண்ணீர் ஊற்றியதோடு அவர் நின்றுவிடவில்லை. தமிழும் போர்த்துக்கீசும் அறிந்தவர்களைத் தேடிப் பிடித்தார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். பல மாதங்கள் உழைத்து அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியுடன் தெருத்தெருவாக நடந்தார். மணி ஓசை கேட்டுச் சிறுவர் சிறுமியர் கூடினர். நாளுக்கு இரு முறை அவர்களுக்குக் கற்பித்தார். தாங்கள் படித்ததைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லித் தருவது பிள்ளைகளின் பொறுப்பு. பெற்றோர் பிள்ளைகளுக்கு மறை கற்பிப்பதுதான் வழக்கம். முத்துக்குளித்துறையில் பிள்ளைகளே பெற்றோருக்கு ஆசிரியராயினர்!

தாம் அடுத்த ஊருக்குச் சென்றபின் கற்பித்தல் நின்றுவிடக் கூடாது என்று அவர் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! முத்து வருமானத்திலிருந்து போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென 4,000 பணம் ஒதுக்கப்பட்டு வந்தது. அதை இப்பணிக்குத் தரும்படி அவர் அரசியிடம் வேண்டிப் பெற்றார்.

மக்களின் துன்பத்திலும் அவர் பங்கு கொண்டார். 1544-இல் வடுகப் படையினர் குமரிப் பகுதியைத் தாக்கியபோது, மக்கள் கடலில் உள்ள பாறைகளில் ஏறி உண்ணவும் பருகவும் ஒன்றுமின்றித் தவித்தனர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எதிர்காற்று தோணிகளைத் தடுத்தது. அப்போதும் சோர்ந்து விடாமல் கரைவழியே நடந்து சென்று அம்மக்களைச் சந்தித்தார்.

ஒரு சொல்

இங்கே சிறிய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலில் தமிழில் பெயர்க்கப்பட்ட விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேண்டும்’ என்ற பொருள்படும் சொல் வந்துவிட்டது. அதையே ஊர் ஊராகச் சிறுவர் பாடம் செய்தனர். நாளடைவில் தமிழ் சற்றுப் புரியத் தொடங்கியதும் சவேரியார் பிழையைக் கண்டுகொண்டார். 1544-இல், தம்மோடு பணியாற்றிய மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, அச்சொல்லை நீக்கி ‘விசுவசிக்கிறேன்’ என்று கற்பிக்கும்படி பணித்தார்.

இரண்டு சொற்களுக்கும் எவ்வளவு வேறுபாடு! தாய்க்கு வேண்டும், தந்தைக்கு வேண்டும், ஊருக்கு வேண்டும் என்பதற்காகக்கூட ஒருவர் ஞானஸ்நானம் பெற்றுவிடலாம். பாதுகாப்பு வேண்டும் என்பதற்காகவும் பெறலாம். விசுவசிக்கிறேன் என்பதை மட்டும் ஒருவருக்காக மற்றொருவர் உள்ளத்தால் சொல்ல முடியாது. சவேரியார் தம் மாணவரிடமிருந்து எதிர்பார்த்தது இந்த இரண்டாவது சொல்லையே.

நாம் எண்ண வேண்டியவை

புனிதர்களும் தம் காலத்து மனிதர்களே. 1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் அவர் ஒரே மாதத்தில் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆண்கள் முதலில் வந்தனர். ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரை எழுதிக் கொடுத்து அனுப்புவார். அவர்கள் வீட்டுக்குச் சென்று மனைவி மக்களை அனுப்பி வைப்பர். வீட்டுத் தலைவர் முடிவு செய்தால் வீடே பின்செல்லும் காலம் அது. அந்த வரிசையில் பின்னால் நின்ற பெண்களின் மனத்தில் என்ன இருந்தது என்று, பெண்களாகிய நாம் இன்று எண்ணாமல் இருக்க முடியாது. அவர் கற்பித்த சிறுவர் பிறர் வணங்கிய உருவங்களை உடைத்ததையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதினார். அது நாம் பின்பற்றத் தக்கதன்று. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற மதங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் மதிக்க வேண்டும் என்றும், விசுவசிக்கும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்றும் தெளிவாகக் கற்பித்தது.

1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இதைக் கவனத்தில் கொள்கிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். குழந்தை கத்தோலிக்க மறையில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு இடமிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை சிறிதும் இல்லையென்றால் தள்ளிவைக்க வேண்டும். ஏழு வயது நிறைந்து புத்தி விவரம் அறிந்தவர்கள் இக்காரியத்தில் பெரியவர்களாகவே கருதப்படுகின்றனர். அவர்கள் தாமே விரும்பிக் கேட்க வேண்டும். நம் இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவும் ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சி உரிமையை வழங்குகிறது.

அப்படியானால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதே தவறா? இல்லை என்பதே என் எண்ணம். தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், பெயர் வைக்கிறாள், தன் மொழியைக் கற்றுத் தருகிறாள். எந்த மொழி வேண்டும் என்று கேட்டுவிட்டுத் தாலாட்டுவதில்லை. தான் உயர்ந்ததென்று நம்புவதைத் தன் பிள்ளைக்குத் தராமல் வைத்திருக்கத் தாயால் முடியாது. நம் இந்துத் தோழியரின் பெற்றோர் குலதெய்வக் கோவிலில் மொட்டையடித்துக் காது குத்துவதும், இஸ்லாமியத் தோழியரின் பெற்றோர் பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்வதும் இதே அன்பினால்தான். ஒன்றுமே சொல்லாமல் வளர்க்கும் வீட்டிலும், பெற்றோர் நடப்பதைப் பார்த்துக் குழந்தை ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு மதத்தை உள்ளிருந்து அறியாதவருக்கு அதை ஏற்பதும் மறுப்பதும் இரண்டுமே கடினந்தான்.

ஆனால் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணுவது தவறு. முன்பு வந்தவர்கள் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். 1542-இல் வந்தவர் கொடுத்தார், கற்பித்தார், கூட இருந்தார். விருந்து வைத்துப் புத்தாடை உடுத்தி ஞானஸ்நானம் கொண்டாடிவிட்டு, பிள்ளை கேள்வி கேட்கும்போது வாயை மூடு என்று அதட்டும் பெற்றோர், அந்த முதல் வகையைச் சேர்ந்தவர்கள். கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்கிறவர்களும், விடை தெரியாதபோது பிள்ளையோடு சேர்ந்து தேடுகிறவர்களும் சவேரியாரின் வழியில் நடப்பவர்கள். வளர்ந்த பிள்ளை தன் மனச்சாட்சியின்படி வேறு முடிவு எடுத்தால், கண்ணீர் விட்டாலும் கதவை அடைக்காத அன்பும் பெற்றோருக்கு வேண்டும்.

இறுதி நாட்கள்

1545-இல் மயிலாப்பூரில் புனித தோமையாரின் கல்லறை அருகே தங்கிச் செபித்தபின், சவேரியார் மலாக்கா சென்றார். பின்னர் மொலுக்காஸ் தீவுகளிலும், 1549 முதல் ஜப்பானிலும் பணியாற்றினார். சீனாவுக்குள் நுழைய வழிபார்த்து, அந்நாட்டுக் கரைக்கு அருகில் உள்ள சாங்சுவான் தீவில் காத்திருந்தபோது நோயுற்றார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள், தமது 46-ஆவது வயதில் ஆண்டவரில் உறங்கினார். அவரது உடல் கோவாவில் இருக்கிறது. 1622-இல் இஞ்ஞாசியாரோடு சேர்த்து அவருக்கும் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவருக்குப்பின் முத்துக்குளித்துறைக்கு வந்த அன்றீக்கு அடிகளார் தமிழை நன்கு கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். மணியடித்துக் கற்பித்த மறை அதன்பின் அச்சிலும் மக்கள் கைக்கு வந்தது.

தோழியரே! குழந்தையாக நாம் பெற்ற ஞானஸ்நானத்தில் நமக்காகப் பிறர் பேசினர். உறுதிபூசுதல் பெறும்போதும், ஒவ்வோர் ஆண்டும் பாஸ்கு இரவில் எரியும் மெழுகுதிரியுடன் நின்று வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போதும் நாமே பேசுகிறோம். அப்போது பக்கத்தில் நிற்பவர் சொல்கிறாரே என்று சொல்லாமல், பொருள் உணர்ந்து சொல்வோமாக. புரியாததைக் கேட்கத் தயங்காதிருப்போம். நாளை நாம் தாய்மார் ஆகும்போது, நம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கொடுப்பதோடு, அதைப் பற்றிக் கேட்கும் உரிமையையும் கொடுப்போம். சவேரியார் திருத்திய அந்த ஒரு சொல்லை அவர்கள் தாமே சொல்லும் நாளுக்காகப் பொறுமையோடு காத்திருப்போம்.